சங்கரா, அரைக்கிலோ

ஞாயிறு, காலை ஆறரை.
காசிமேட்டிலிருந்து வந்த ஐஸ் பெட்டி
வாலாஜா சந்தையில் இறங்குகிறது.
"கடல் மீனு, ஏரி மீனு இல்லமே!"
தேசம்மா வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது
சங்கரா.
பாறை இடுக்கில் வளர்ந்த சிவப்பு.

ஏரி மீனை இங்கே இப்போது யாரும் கேட்பதில்லை.
ஜிலேபியைத் திருப்பிப் போட்டு
"பேக்டரி வாடை" என்று வைத்துவிடுகிறார்கள்.
வாடை இருந்தால் எவ்வளவு நல்லது.
குரோமியத்துக்கு வாடை கிடையாது.
பாதரசம்
புளியில் ஊறினாலும் போகாது,
கொதித்தாலும் போகாது.

நான் மீனைக் கரைக்கிறவள்.
கல்லூரி ஆய்வகத்தில்
தசை ஒரு குடுவை, செவுள் ஒரு குடுவை,
ஈரல் தனியாக.
அமிலம் ஊற்றிச் சூடேற்றி, வடிகட்டி
எந்திரத்துக்கு ஊட்டுவேன்.
ஈரல்தான் எப்போதும் முதலில் ஒப்புக்கொள்ளும்.

சங்கராவின் தலைக்குள் ஒரு செவிக்கல்.
தேய்த்துப் பார்த்தால்
வருடத்துக்கு ஒரு வளையம்.
ஒரு வளையத்தில் கண் நின்றது.
விரல்விட்டு எண்ணினேன்:
பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம்.
அதுவரை லாரி ஓடிய மணல்
பாலத்தைத் தொட்டுக்கொண்டு
கரையோரக் கழிவு மேடுகளை வாரிக்கொண்டு
கிழக்கே போனது.
அதுதான் இது என்று எந்திரம் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.

அந்த வருடம் அண்ணன் ராணிப்பேட்டையில்
டிரம்முக்குள் தோல் போட்டுக்கொண்டிருந்தான்.
நீலம் ஏறிய தோல்,
நீலம் ஏறிய நகம்.
என் பீஸ் ரசீதெல்லாம்
அந்தக் கை கட்டியது.

"துன்லாமா, வேணாவா?
ஒரே வார்த்தைல சொல்லு" என்கிறாள் தேசம்மா.
என்னிடம் ஒரே வார்த்தை இல்லை.
பெரிசைவிடச் சின்னது நல்லது,
ஈரல் வேண்டாம், தலை வேண்டாம்,
பிள்ளைத்தாச்சி கொஞ்ச நாள் பொறுக்கட்டும்,
வாரத்துக்கு ஒருமுறை என்றால்
எடையைப் பொறுத்து...
"போதும் போ. கிராக்கி நிக்குது."

அடுத்த ஞாயிறு
விலைப் பலகையில் சாக்பீஸால் ஒரு வரி கூடியிருந்தது:
ஈரல் கேக்காதீங்க.
குடலையெல்லாம் வாளியில் போட்டு மூடி
மேலே கருங்கல் வைத்திருந்தாள்.
சுற்றி நாலு பூனை,
கல்லையே பார்த்தபடி.

"உனுக்கு இன்னா?"
நெத்திலி என்று சொல்லத்தான் போயிருந்தேன்.
சங்கரா, அரைக்கிலோ என்றேன்.
அண்ணன் வருகிறான்,
அவனுக்குத் தலை பிடிக்கும்.

தேசம்மா ஒன்றும் பேசவில்லை.
ஒரே வெட்டு.
கல்லை நகர்த்தி
தலையை வாளிக்குள் போட்டாள்.