இரண்டரை வோல்ட்

கூட்டப்புளியிலிருந்து சாளை ஏற்றிவரும் வண்டி
மூன்றடைப்பு தாண்டினால் நின்றுவிடுகிறது.
தினமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் நான்கு.
ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமுள் பூஜ்யத்தில் விழும்,
ஸ்டியரிங் கல்லாகும்,
எரியக்கூடிய விளக்கெல்லாம் எரியும்.
ஓரங்கட்டி ஒரு மணிநேரம் வெயிலில் போட்டால்
ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும்.

மூன்று பட்டறை பார்த்துவிட்டு வந்தார் தொம்மை.
ஒருவர் பேட்டரி மாற்றினார்.
ஒருவர் ஏபிஎஸ் பெட்டி, முப்பத்தெட்டாயிரம்.
ஒருவர் அந்த வளைவில் தேங்காய் உடைக்கச் சொன்னார்.
"வேதக்காரன் நான், அதையும் ஒடச்சாச்சு."
பிறகு, சாவியை மேசையில் வைத்தபடி,
"ஐஸ் உருகுனாத்தாம்மா இருமுது."
நான் ஸ்கேனரைச் செருகிக்கொண்டிருந்தேன்.
தகவல் தொடர்பு இல்லை என்றது அது.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

பேட்டையில் ஒரு பாலிடெக்னிக் கழித்துக் கட்டிய
ஆசிலோஸ்கோப் என்னுடையது.
ஒரு திருகுக்குப் பதில் பேனா மூடி.
முறுக்கிய இரண்டு கம்பியில் இரண்டு முனை கவ்வ,
திரையில் மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று.
பேச்சில்லாத நேரம் இரண்டும்
இரண்டரை வோல்ட்டில் ஒன்றாய்ப் படுத்திருக்கும்.
பேசினால் மஞ்சள் ஒரு படி ஏறும், நீலம் ஒரு படி இறங்கும்.
நாலு பெட்டி ஒரே நொடியில் வாய் திறந்தால்
சிறிய எண் பேசும்.
மற்றவை பாதி எழுத்தில் நிறுத்திக்கொள்ளும்,
முகம் தூக்காது, இடைவெளி வந்ததும் மறுபடி தொடங்கும்.
எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சும் இப்படி நடந்ததில்லை.
ஒவ்வொரு செய்தியின் வாலிலும்
அனுப்பியவன் ஓர் இடத்தை வெறுமையாய் விடுகிறான்,
யாராவது 'கேட்டது' என்று நிரப்ப.
நிரப்பாவிட்டால் அதையே திரும்பச் சொல்கிறான்,
திரும்ப,
திரும்ப.

காலி வண்டியில் கோடுகள்
புதிதாய் வெட்டிய வரப்புபோல நின்றன.
நாங்குநேரி வரை ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு நாள். ஒரு பிசிறில்லை.

மூன்றாம் நாள் ஆறு ஐஸ் பார் வாங்கிவரச் சொன்னேன்.
"வண்டிக்குக் காய்ச்சலாக்கா?" என்றான் முகைதீன்.
மஞ்சள் நாலு வோல்ட் தாண்டினால் படம்பிடி என்று
திரைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.
வண்ணார்பேட்டை பைபாஸில் பஸ்கள் போயின.
வண்டிக்கடியில் சொட்டு,
பிறகு அடுத்த சொட்டு.

ஒன்றரை மணிக்கு ஓய்வுக்கோடு மெல்ல எழுந்தது.
இரண்டே முக்கால். மூன்று. மூன்றரை.
இரண்டு நிறமும் சேர்ந்தே ஏறின.
வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பெட்டிகள் படிப்பது வித்தியாசத்தை மட்டும்;
இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அவற்றுக்கு ஒன்றும் உயரவில்லை.
தொம்மை திரையைப் பார்த்துச் சொன்னார்:
"டீசலும் ஏறும், மீனும் ஏறும்.
சரியாத்தான் போவுதுன்னு இருப்போம்.
ஒரு நாள் கையில ஒண்ணும் இருக்காது."

நாலு.
திரை உறைந்தது.
வரப்பு சரிந்திருந்தது, ஆறு துடிப்பு நீளத்துக்கு ஓர் அலறல்,
அப்புறம் யாரும் பேசவில்லை.

தரைவிரிப்பைத் தூக்கினோம்.
முந்தைய உடமைக்காரர் ஸ்பீக்கருக்குப் போட்ட துளை,
அது வழியே உப்புத் தண்ணீர்,
நேரே கனெக்டருக்குள்.
பன்னிரண்டு வோல்ட் முள்ளுக்கும் பேச்சுக் கம்பிகளுக்கும் நடுவே
பச்சையாய் ஒரு பாலம்.
முப்பத்தெட்டாயிரத்தின் புதுப் பெட்டியும்
முள் ஓரத்தில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கனெக்டர் அறுநூற்று நாற்பது. துளைக்கு ரப்பர் மூடி, பத்து.
'நான் சொன்னேன்லா' என்று அவர் சொல்வார் என
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.
சொல்லவில்லை. சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

வேலைச்சீட்டில் புகார் என்ற கட்டத்தில்
என் எழுத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
ஐஸ் உருகினால் இருமுகிறது.
மூன்று நாள் முந்திய தேதிக்கு எதிரே.

மிஞ்சிய ஐஸை முகைதீன்
எதிர்த்த சர்பத் கடைக்குத் தூக்கிப் போனான்,
வழியெல்லாம் சொட்டிக்கொண்டே.