கடைசிப் புள்ளி

நீர்முள்ளி எஸ்டேட்டுக்குப்
பதினொரு நாளாக மெயில் வரவில்லை.
இங்கிருந்து போகிறது. பதில்தான் காணோம்.
ட்ரியெஸ்ட் வியாபாரி கோபித்துக்கொண்டாரோ என்று
மேனேஜர் ஏசுராஜன்
மிளகு விலையில் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்து
இன்னொரு மெயிலும் போட்டுவிட்டார்.
அதற்கும் பதில் இல்லை.

ஐந்து ரோட்டில் என் அறையிலிருந்தே பார்த்திருக்கலாம்.
பாஸ்வேர்டு ஒரு நோட்டில்,
நோட்டு ஒரு பீரோவில்,
பீரோ ஏற்காட்டில்.
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
எலுமிச்சம்பழத்தை மோந்தபடி பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்,
என்ன வேலை உங்களுக்கு?
பெயர்களுக்கு விலாசம் எழுதுகிற வேலை.
தாசில்தார் ஆபீசா?
ஏறக்குறைய.

ஆபீஸ் சன்னல் வழியே பனி நுழைந்து
பிரிண்டர் மேல் உட்கார்ந்திருந்தது.
நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்து.

ஏ ரெக்கார்டு சரி.
எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்று, சரி.
எம்எக்ஸ்: வருகிற கடிதத்துக்கு வாசல் காட்டும் வரி.
அதுவும் சரி.
மூன்று தடவை படித்தேன்.
நாலாவது தடவை படிக்காமல் பார்த்தேன்.
கடைசியில் புள்ளி இல்லை.

புள்ளி இருந்தால் பெயர் அங்கே நிற்கும்.
இல்லாவிட்டால் சர்வர்
பெயரின் வாலில் பெயரையே கட்டும்:
மெயில்.நீர்முள்ளி.இன்.நீர்முள்ளி.இன்
அப்படி ஒரு வீடு உலகத்தில் கிடையாது.
ஏற்காடு, ஏற்காடு என்று இரண்டு தடவை எழுதினாலும்
தபால்காரம்மா தனசீலி சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தருவார்.
சிரிக்கத் தெரியாதது
திருப்பி அனுப்பிவிட்டது.

ஒன்றாம் வகுப்பில்
பக்கம் என்பதைப் பககம் என்று எழுதி
முட்டி போட்டிருக்கிறேன்.
புள்ளி வைத்தால்தான் மெய்.
விட்டுவிட்டால் அகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைத்தேன்.
வரிசை எண்ணில் ஒன்று கூட்டிச் சேமித்தேன்.

சரியாயிடுச்சா?
ஆயிடுச்சு. ஊருக்குத் தெரிய ஒரு நாள் ஆகும்.
எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி
பழசையே நினைவில் வைத்திருக்கச் சொல்லி
முன்பே எழுதிவைத்தாயிற்று.

யாரு இப்படிப் பண்ணது?

பதினொரு நாளுக்கு முன்
ராத்திரி ஒன்றரை மணிக்கு
சர்வர் மாற்றியது நான்தான் என்றேன்.
அவர் காப்பியை என் பக்கம் நகர்த்தினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி பஸ்ஸில் பில் போட்டேன்.
கூலி இல்லை, பஸ் கட்டணம் இல்லை.
கிலோவுக்கு எட்டு ரூபாய்,
அதை எந்த வரியில் எழுதுவது என்று
அடிவாரம் வரும்வரை
தெரியவில்லை