விகுதி

அந்தப் பிரெஞ்சுப் பெயரின் வாலில்
இரண்டு எழுத்து ஊமை.
ஆங்கிலத்தில் 'இயன்' ஒட்டினால்தான்
வாய் திறக்கும்.
ஆய்வேட்டில் நாற்பத்தோரு தடவை
ஒட்டியிருக்கிறேன்.

மனோலித் தீவுக்கு மேற்கே
கஞ்சிப்பாசிக்கு முங்கியவள்
படக்கென நிமிர்ந்தாள் ஞானசெல்வி:
"குருந்தமுத்தா கெடக்கு,
வத்தையில ஏறுங்கடி!"

கரையில் யாருமில்லை.
போட் இல்லை, காக்கி இல்லை.
குருந்தமுத்து வாச்சர்
மாற்றலாகிப் போய்ப் பத்தொன்பது வருடம்.
அவர் முகத்தையே பார்த்ததில்லை இவள்.
பாசிப் பையைத் தண்ணிக்குள் விட்டுவிட்டு
ஏறினோம்,
நானும்.

அந்தச் சொல்லை அப்படியே எழுதி அனுப்பினேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் நெறியாளர்:
யார் இது? எந்தப் பதிப்பு? பக்கம்?

இடுப்பளவுத் தண்ணீர், வாடைக்காற்று
என்று அடிக்குறிப்பில் போட்டேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
நாற்பத்திரண்டாவது தடவை
'இயன்'.