ஈரமா, காய்ந்ததா

மொகோட்லாங்கில் பனி விழத் தொடங்கிய வாரம்
மசேருவிலிருந்து திரும்பி வந்தார்
எங்கள் தலைமையாசிரியர் மாபொலோகோ.
மூன்று நாள் பயிற்சி. ஒரே ஒரு கையேடு.
அதன் அட்டையில் பேருந்தில் யாரோ கொட்டிய தேநீர்.
ஒன்பது ஆசிரியர்கள் நாங்கள்.
ஜனவரியில் புதிய பாடத்திட்டம்.

நகலெடுக்கும் எந்திரத்தில் மை தீர்ந்து
இரண்டு பருவம் ஆகிறது.
பழைய நாட்காட்டித் தாள்களின் முதுகில்
அவரே எழுதி ஒட்டினார்:
ஜூலைக்குப் பின்னால் ‘திறன்’,
ஆகஸ்டுக்குப் பின்னால் ‘மதிப்பீடு’.
எழுத்து நடுங்கியிருந்தது. அன்று அடுப்பு எரியவில்லை.

“போன தடவையும் இதுதான் வந்தது,” என்றார் மொகெலே.
“அப்போது பெயர் வேறு.”
சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்:
“நாளை நான்காம் வகுப்பு எனக்கு.
நீங்கள் பின்னால் உட்கார்ந்து
என் தப்புகளை எண்ணுங்கள்.”

பதினோரு ஆண்டாக அவர் சாக்பீஸ் தொட்டதில்லை.
கையொப்பம், கஞ்சிமாவு மூட்டைக் கணக்கு,
கூரைத் தகரம் கேட்டு மனு,
இவற்றுக்கே பழகிய கை.

சின்ன நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க
போர்வைக்குள் ஒன்பது பேர்.
ஓர் ஆட்டின் ரோமத்தை மேசையில் குவித்தார்.
“என்ன எடை இருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?”
கேள், காத்திரு என்கிறது கையேடு.
கேட்டார்.
காத்திருக்கத்தான் முடியவில்லை.
நான்கு விநாடி. பாதி விடையை
அவரே சொல்லிவிட்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து லெசேகோ,
வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோடு மலையேறிவிடுபவன்,
கேட்டான்: “ஈரமா, காய்ந்ததா?”

கையேட்டில் அது இல்லை.
அதனால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று
எங்களுக்கும் தெரியாது.
“எனக்குத் தெரியவில்லை,” என்றார் மாபொலோகோ
பிள்ளைகள் முன்னால், எங்கள் முன்னால்,
பேருந்து நேரம் சொல்வதுபோல.
மணி அடித்தது.
அட்டவணையில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை.

ஆசிரியர் அறையில் ஒரு துண்டுத்தாள் சுற்றிவந்தது.
யாரும் எழுதவில்லை. தேநீர் ஆறியது.
வந்து எட்டு மாதமே ஆன இதுமெலெங்
குனிந்த தலை நிமிராமல் எழுதினாள்:
“சாக்பீஸை நீங்கள் ஒருமுறைகூட
யாரிடமும் கொடுக்கவில்லை.”
இரண்டு முறை படித்தார்.
செப்டம்பருக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார்.

அதன்பின் தினமும் ஒரு வகுப்பை அவர் பார்த்துக்கொள்வார்;
அந்த ஆசிரியர் இன்னொரு வகுப்பின் பின்வரிசைக்குப் போவார்.
மொகெலே என்னிடம் வந்தார்.
பதினேழு தப்பு, தயவு தாட்சண்யம் இல்லாமல்.
நான் அவரிடம் போனபோது கதவு தாழிட்டிருந்தது.
திறக்க இரண்டு வாரம் ஆனது.

இலாகாவின் படிவம் வந்தது:
பயிற்சி முடிந்ததா? ஆம், இல்லை.
ஆம் என்றால் தகரம் சீக்கிரம் வரும்,
எல்லோருக்கும் தெரியும்.
இரண்டையும் அடித்துவிட்டு
‘நடக்கிறது’ என்று எழுதினார்.
ஐந்தாம் வகுப்பில் வாளி அதே இடத்தில் இருக்கிறது.

ரோமக் கொட்டகையின் தராசு
நேற்றுத்தான் ஒருவழியாக வந்து சேர்ந்தது.
மேசையில் நனைத்த பாதி, நனைக்காத பாதி.
லெசேகோ வரவில்லை. ஆடு.
மாபொலோகோ யாரையும் எடைபோட விடவில்லை.
காத்திருக்கிறார்.