பதினொரு மீட்டர்

பதினான்காம் தடத்தில் நின்ற ஜல்லி வண்டி
அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
யாரையும் கேட்காமல் புறப்பட்டது.
பதினொரு மீட்டர்.
பிறகு ஒரு காலி எண்ணெய் டேங்கரின்
முட்டுத்தட்டில் நெற்றியை வைத்து
நின்றுகொண்டது.

ஓல்டன் யார்டு முழுக்க மூடுபனி.
ஆரே ஆறு எந்தப் பக்கம் என்று
காதை வைத்துத்தான் சொல்ல முடியும்.
சக்கரத்துக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய
தடைக்கட்டை
என் இடது கையில் இருந்தது,
குளிரில் கையுறையோடு ஒட்டிக்கொண்டு.

காஸ்பர் ட்ஸும்ப்ரூன் விளக்கடித்துப் பார்த்தார்.
ஒரு ஃபிராங்க் காசு அளவுக்குப் பெயிண்ட் போயிருந்தது.
"ஒன்றும் ஆகவில்லை, தவமலர்.
பார்த்தது பனிதான். அது வாய் திறக்காது."
பிளாஸ்கைத் திறந்தார்.

விதிப்புத்தகம் என் லாக்கரில்
டிபன் டப்பாவுக்குக் கீழே கிடக்கிறது.
ரசம் சிந்திய பக்கத்தில் வருகிறது அந்தப் பத்தி:
தானாக நகர்ந்த எந்த வண்டியையும்
ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.
அடி பட்டாலும், படாவிட்டாலும்.
தெரிவிக்கத் தவறினால் தண்டம்.

தவறு செய்ததற்கு என்ன தண்டம் என்று
பரீட்சைக்குப் படித்த நாட்களிலேயே
திருப்பித் திருப்பித் தேடியிருக்கிறேன்.
இல்லை.
மறைத்ததற்குத்தான் தொகை போட்டிருக்கிறார்கள்.
அடுத்த வரி இன்னும் மோசம்:
அறிந்தும் சொல்லாதவர் எவருக்கும் அதே தொகை.

ஆக, நான் வாயை மூடினால்
எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றும் இந்த மனிதர்,
மூன்று தேனீப் பெட்டிகளும்
ஓய்வுக்கு நான்கு வருடமும் வைத்திருப்பவர்,
குற்றவாளி.
வாயைத் திறந்தாலோ
'உடன் இருந்தவர்' என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில் அவர் பெயர்.
எப்படியும் மாட்டுகிறார்.
எந்தப் பக்கம் குறைவாக மாட்டுவார் என்று
யோசிக்க இன்னும் நாற்பத்தோரு நிமிடம்.

ஓய்வறை. ஹீட்டரின் டிக் டிக்.
படிவம்.
இறந்தோர்: 0. காயமடைந்தோர்: 0.
சுழியம் போடும்போது பேனா தயங்கியது.
இந்தக் கட்டம் இங்கே இருப்பதே
யாரோ ஒரு நாள்
இதில் வேறு எண் எழுத நேர்ந்ததால்தானே.

நடந்தது என்ன, மூன்று வரிகளில்.
'வண்டி உருண்டது.'
நல்ல வாக்கியம், பிழையே இல்லை.
உள்ளே ஆளும் இல்லை.
'உருட்டினேன்' என்று மனதுக்குள் மாற்றினேன்.
அதுவும் பொய், நான் தள்ளவில்லையே.
கட்டை வைக்கும் முன்
கொக்கியைக் கழற்றினேன், அவ்வளவுதான்.
உருண்டதுக்கும் உருட்டியதுக்கும் நடுவில்
ஒரு வினை கிடைத்தது:
உருள விட்டேன்.
அதை ஜெர்மனில் எழுதிப் பார்த்தால்
அங்கேயும் அந்த 'விட்டேன்'
வாக்கியத்தின் கடைசி நாற்காலியில்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

ஒன்பது ஷிப்டு காஸ்பர் பேசவில்லை.
விளக்கசைவு, விசில்,
வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

ஆறு வாரம் கழித்து பெர்னிலிருந்து கடிதம்.
தண்டம் இல்லை, பாராட்டும் இல்லை.
அதற்கு முந்தின நாள்
மஞ்சள் சட்டைக்காரர் இருவர் வந்து
முக்காலி நட்டு அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.
வரைபடத்தில் பதினான்காம் தடம் சமதளம்.
தரையில் மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் சரிவு,
ஆற்றுப் பக்கமாக.
இனி அந்தத் தடத்துக்கு இரண்டு கட்டைகள்.

முதல் கட்டையை நான் வைத்தேன்.
இரண்டாவதை வைத்துவிட்டு
குனிந்தவர் நிமிராமலே சொன்னார் காஸ்பர்:
"எனக்கு ஏழு மீட்டர். இதே தடம்.
அன்றைக்கும் பனி."

எந்த வருடம் என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
கேட்காமலே அறிந்துவிட்டேன்.

கையுறையை இழுத்து
மணிக்கட்டைப் பார்த்தேன்.
இரண்டு இருபது.