ஒரு புள்ளி

வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி என்பது
மாதமல்ல, ஒரு தூரம்.
பஸ் ஜன்னலை நகத்தால் சுரண்டினால்
பனிக்குப் பின்னால் மறுபடியும் பனி.

இன்று தோற்றது ஒரு புள்ளியில்.
இருபதில் தோற்றால் தூக்கம் வரும்.
ஒரு புள்ளி
ஷூவுக்குள் போன கல்.
நூற்றெண்பது மைல், ஒருவரும் தூங்கவில்லை.

நான் ஆடுகிறவன் அல்ல.
பெண்கள் அணியின் பெஞ்சு ஓரத்தில்
ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருப்பவன்.
ஜெர்சிகளைத் துவைப்பதும் நான்தான்.
பதினான்காம் எண்ணின் கழுத்துப் பட்டியில்
எப்போதும் பல் கடித்த தடம் இருக்கும்.
அவளுக்கு அது தெரியாது.

பதினான்கு: டெல்ஃபின் அஸூர்.
கடைசி நான்கு நொடி, இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி
யோசித்து
வெளியே வந்தது.
இரண்டாவது யோசிக்கவே இல்லை.

நோட்டில் அதற்கு இரண்டு வட்டங்கள்.
விழுந்தால் பென்சிலால் நிரப்ப வேண்டும்,
விழாவிட்டால் காலியாக விட வேண்டும்.
அவ்வளவுதான் விதி.
காலி வட்டத்தை இவ்வளவு நேரம் பார்க்கக் கூடாது என்று
விதியில் எங்கும் இல்லை.

பின் சீட்டிலிருந்து ப்ரென்னா டாலெஃப்சன்
முழங்கால் ஐஸ் பையை இறக்கி வைத்துவிட்டு
தன் சிப்ஸ் பாக்கெட்டை முன்னே அனுப்பினாள்.
கைமாறிக் கைமாறி அது டெல்ஃபினிடம் போய்
பிரிக்காமலே என்னிடம் வந்தது.
நான் தின்றேன். பசித்தது, என்ன செய்ய.

"பதினொன்று, இல்லையா?" என்றான்
பெட்ரோல் பங்கில் காபி ஊற்றியவன்.
தோல்விகளை எங்களைவிட நன்றாக எண்ணியிருந்தான்.
ஊர்ப் பத்திரிகையில் ஒரே ஒரு வரி:
உயரமும் இல்லை, உறுதியும் இல்லை.
ஒடாலிஸ் அதை வெட்டி
லாக்கர் கதவில் ஒட்டவில்லை.
சினிமாவில்தான் ஒட்டுவார்கள்.
தரையில் விரித்து ஈர ஷூவைக் காயவைத்தாள்.

வந்து சேர இரவு ஒன்றரை.
துவைக்கிறவனிடம்தான் எப்போதும் ஜிம் சாவி இருக்கும்.
டெல்ஃபின் வாசலில் வந்து நின்றாள்,
கேட்கவில்லை.
அந்தப் பழைய விளக்குகள் சூடாகப் பத்து நிமிடம் ஆகும்.
அவள் காத்திருக்கவில்லை.

இருட்டில்
பந்து தரையில் மூன்று முறை,
ஒரு மூச்சு,
பிறகு எதுவுமே கேட்காத ஒரு நேரம்.
வலை உரசினால் ஒரு சத்தம்,
இரும்பில் பட்டால் வேறு.
எனக்குத் தெரிந்தது கணக்கெடுப்பது ஒன்றுதான்.
காதால் எடுத்தேன்.

வெளிச்சம் முழுதாக வந்தபோது
மற்ற நான்கு பேரும் கூடைக்குக் கீழே இருந்தார்கள்,
ஸாக்ஸோடு, கனத்த கோட்டோடு,
பந்து பொறுக்கிக் கொடுத்தபடி.
ஒருத்தியும் ஆறுதல் சொல்லவில்லை.
"முழங்கையை உள்ளே வை, கழுதை"
என்றாள் ப்ரென்னா.
டெல்ஃபின் சிரித்தாள், பிறகு அழுதாள்,
அழுதுகொண்டே வரிசையாக எட்டு போட்டாள்.

சனிக்கிழமை வந்தவர்கள் பட்டியலில் முதலிடம்.
அவர்கள் பஸ்ஸில் அவர்கள் முகமே வரைந்திருந்தது.
வந்த முந்நூறு பேரில் பாதி அவர்களுடையவர்கள்.

கடைசி நொடியில்
பந்து டெல்ஃபினிடம் வரவில்லை.
ஒடாலிஸ் இருவருக்கு நடுவே விழுந்துகொண்டே எறிந்தது
பலகையில், வளையத்தில், யாருடைய விரலிலோ பட்டு
வெட்கமில்லாமல் உள்ளே போனது.
ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

டெல்ஃபினின் இரண்டு ஃப்ரீ த்ரோ
இரண்டாம் கால்பகுதியிலேயே முடிந்திருந்தது,
பாதிக் கூட்டம் பாப்கார்ன் வரிசையில் நின்றபோது.
இரண்டும் வலையை மட்டும் தொட்டன.
யாரும் எழுந்து நிற்கவில்லை.
நான் வட்டங்களை நிரப்பிய அழுத்தத்தில்
அடுத்த மூன்று பக்கங்களிலும் பள்ளம்.

வெளியே அவர்கள் பஸ்
இன்ஜின் ஓட நின்றிருந்தது.
உள்ளே யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.
முன் சீட்டில் ஒருத்தி துண்டால் தலையை மூடியிருந்தாள்.
கல் இப்போது அவர்கள் ஷூவில்.
தூரம் எனக்குத் தெரியும். இருநூற்றுப் பத்து மைல்.

அடுத்த ஆட்டம் செவ்வாய்.
ஜெர்சிகளை மெஷினில் போட்டேன்.
பதினான்கின் கழுத்துப் பட்டியில்
ஒரு புதுத் தடம்,
பழையதைவிட ஆழமாக.