மீதிப் பதின்மூன்று நிமிடம்

ஜனவரியிலிருந்து இருபத்திரண்டு கடிதம்.
முதல் பதினேழில் "அன்புடன் அழைக்கிறோம்".
அப்புறம் அன்பைக் குறைத்துக்கொண்டேன்.

நான் கணக்கு டீச்சர்.
யாரும் கையுயர்த்தாத கூட்டமொன்றில்
கூடைப்பந்து அட்டவணை
என் தலையில் விழுந்தது.

கொட்டகலையிலிருந்து எங்கே போனாலும் இறக்கம்தான்.
கண்டிக்கு நாலு தரம் இறங்கினோம்
கொழும்புக்கு இரண்டு.
போய்த் தோற்றுவிட்டு வருவதில்
எங்களுக்கு நல்ல தேர்ச்சி.
திரும்புகையில் கினிகத்தேனை வளைவுகளில்
பிள்ளைகள் வாந்தியெடுப்பது
தோல்வியாலா மீன் பணிஸாலா
இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

ஒரு தரம் நீங்கள் ஏறி வாருங்களேன் என்றால்
தொலைபேசி இருமுகிறது.
கோர்ட்டுக்குக் கூரை இல்லையாமே?
மழை விடாதாமே?
அட்டை இருக்குமா மிஸ்?
புள்ளி எழுதுகிற அட்டைதான் இருக்கு என்றேன்.
சிரித்தார்கள்.
வரவில்லை.

கூப்பிட்டதும் வருகிறவர்கள் வேறு.
போன மாதம் ஒரு சின்னப் பாடசாலை,
ஏழு பேர், அதில் இரண்டு பேருக்கு ஒரே சப்பாத்து.
எழுபத்தெட்டுக்கு ஒன்பது.
கடைசிக் கால்மணி
நாங்கள் வேண்டுமென்றே வளையத்தைத் தவறவிட்டோம்,
அவர்களுக்கு அதுவும் விளங்கியது.
பந்துகளைச் சாக்கில் கட்டும்போது
சுவஸ்திகா கேட்டாள்:
"எங்கள விட நல்லா ஆடுறவங்க
இங்க வரவே மாட்டாங்களா மிஸ்?"

எங்களை வெல்லக்கூடியவர்கள்,
வெல்வது நிச்சயமில்லாதவர்கள்,
பஸ் காசு கேட்காதவர்கள்.
மூன்று வட்டம் கீறி இடைவெட்டைப் பார்த்தேன்.
சூனியத் தொடை.

ஜூன் கடைசியில் கண்டியிலிருந்து அழைப்பு.
அவர்களுடைய உள்ளரங்கில் தரை மாற்றுகிறார்களாம்,
சனிக்கிழமை ஆட இடமில்லையாம்.
என் கடிதமல்ல, தரைதான் காரணம்.
இருக்கட்டும்.
தரைக்கு நன்றி.

டிஸ்பென்சரி ரெங்கராஜ் கோடு போட்டுத் தந்தார்.
பெயின்ட் முடிந்த மூலையில்
சுண்ணாம்பு.
பஸ்ஸிலிருந்து அவர்கள் இறங்கினார்கள்,
எல்லோருக்கும் ஒரே நிற ஜக்கெட்,
எல்லோரும் எங்கள் டிலோஜினியைவிட
ஒரு சாண் உயரம்.
மதில்மேல் இடமில்லை.
அரைப்பேருக்கு வேலை விட்டு
வந்தவர்கள் படியில் நின்றார்கள்,
கொழுந்துச் சாக்கை மடித்துத் தலையில் போட்டு.

அடித்தார்கள். அடித்தோம்.
டிலோஜினி அந்த உயரங்களுக்குக் கீழால் நுழைந்து
மறுபக்கம் எழும்பினாள்.
மூன்றாம் கால்பகுதி, ஏழு நிமிடம் போயிருந்தது.
அவர்கள் நாற்பத்தொன்று,
நாங்கள் முப்பத்தெட்டு.

ரயில் பாதைப் பக்கமாய் மூட்டம் வந்தது.
முதலில் தூரத்து வளையம் போனது,
பிறகு மதில்,
பிறகு நடுவர்; விசில் மட்டும் மிஞ்சியது.
யாரோ எறிந்த பந்து மேலே போயிற்று.
எல்லோரும் காத்திருந்தோம்.
இறங்கவில்லை.

அரை மணி நேரம், இரண்டு கேத்தல் தேத்தண்ணி.
அவர்களுடைய கோச் கடிகாரம் பார்த்தார்:
மீதியை எங்கள் அரங்கில் முடிப்போம்,
தரை அடுத்த மாதம் ரெடி.
"தொடங்கின இடத்திலதான் முடிக்கணும் சேர்,
விதி அப்படி" என்றேன்.
அப்படியொரு விதி இருக்கிறதா
எனக்குத் தெரியாது.
அவர் வாய் திறக்குமுன்
கோப்பையைக் கீழே வைத்த அவர்களுடைய தலைவி
சிங்களத்தில் கேட்டாள்:
மூன்று புள்ளியை
இங்கேயே விட்டுட்டுப் போகவா சேர்?

பஸ்ஸின் பின்விளக்கு
வாசலிலேயே கரைந்தது.

திங்கட்கிழமை அதிபர்
கரும்பலகையைத் துடைக்கச் சொன்னார்.
41 – 38 கீழே
"அழிக்கக் கூடாது" என்று எழுதி
என் கையெழுத்தைப் போட்டேன்.

இருபத்திமூன்றாவது கடிதம் சின்னது.
ஓகஸ்ட் ஒன்பது, காலை பத்து மணி.
மீதி பதின்மூன்று நிமிடம்.
பின்குறிப்பு: உங்கள் பந்து
எங்கள் கானில் கிடந்தது.
காற்று இறங்கவில்லை.